கஸ்பர் ஐந்து தடவை செத்த படம்

பேசாலைக் கஸ்பர், 1988 மாசியில், கிழக்கு லண்டனில் பாழடைந்த பண்டகசாலை ஒன்றுக்குள், ஒரே முற்பகலில் ஐந்து தடவை செத்தான். முதல் நான்கு சாவும் இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. முதற்தடவை துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னரே விழுந்துவிட்டான். இரண்டாம் தடவை செத்துக் கிடந்தபடியே தும்மினான். மூன்றாம் தடவை சாரம் அவிழ்ந்துபோனது. நான்காம் தடவை, சிப்பாய் உடுப்பில் ஆமிக்காரனாக நின்ற சைப்பிரஸ் நாட்டு வெயிற்றருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லொறியில் கொண்டுவந்து கொட்டிய மணல் ஐஸ்போலக் குளிர்ந்தது. வெறும் மேலோடு கிடந்த கஸ்பரின் உதடுகள் நீலம் பாரித்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் இயக்குநர் ஒருவர்தான். செத்தவன் நீலமாக இருப்பது நல்லது என்றார்.

ஐந்தாம் தடவை கஸ்பர் நடிக்கவில்லை. முழங்காலில் இருந்தவன், சுடுவதற்கு ஒரு நொடி முன்னர் தலையைத் திருப்பி, கமெராவுக்கு அப்பால் ஒன்றுமேயில்லாத ஒரு மூலையைப் பார்த்தான். பிறகு பக்கவாட்டில் சரிந்தான். அவனுடைய அண்ணன் பஸ்தியாம்பிள்ளை அப்படித்தான் செத்தவர். அவர் கடைசியாகத் திரும்பிப் பார்த்த இடத்தில் ஒரு வலைக்குவியல் இருந்தது. அதற்குள் கஸ்பர் ஒளிந்திருந்தான்.

கஸ்பரைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. மன்னார் பேசாலையில் பிறந்தவன். தகப்பன் கடலோடு போனபிறகு அண்ணன்தான் வளர்த்தார். கூட்டுறவுச் சங்கத்தின் ஐஸ் லொறி ஓடினான். வங்காலைப் பெண் றோஸ்மலரைக் கட்டினான். பெர்னடெற் என்று ஒரு மகள் பிறந்தாள். 1985இல் ஒரு காலைநேரம் ஆமி கடற்கரைக்கு வந்து, மீன்வாடிக் கொட்டிலில் நின்ற அண்ணனைப் பிடித்து முழங்காலில் இருத்திச் சுட்டது. உடலைப் பெட்டிபோல் தூக்கி லொறியில் போட்டுக்கொண்டு போய்விட்டது. அதைப் பார்த்த சாட்சி இவன் ஒருவன்தான் என்று ஊருக்குள் கதை பரவியதும் ஆமி இவனைத் தேடத் தொடங்கியது. அண்ணனின் பெண்சாதி அஞ்சலீனாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அவளுக்கு முகம் கொடுக்கத் துணிவில்லாமலே கஸ்பர் ஊரைவிட்டு ஓடி, 1986இல் லண்டன் வந்து சேர்ந்து, அகதி என்று பதிந்தான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. காத்திருப்பது. குரோய்டனில் இருக்கிற குடிவரவுத் திணைக்களத்தின் அந்தப் பெரிய கட்டடத்திலிருந்து, நாட்டில் இருக்கலாம் என்று ஒரு கடிதம் வந்தால் றோஸ்மலரையும் பிள்ளையையும் கூப்பிடலாம். வராவிட்டால் கூப்பிட முடியாது. அவனுடைய லண்டன் சீவியம் முழுவதும் இந்த இரண்டு வசனங்களுக்குள் அடங்கிவிடும். இடையில் இல்ஃபோர்டில் ஒரு வீட்டின் பின் அறையில் குடியிருந்தான், ஞாயிறுகளில் பூசைக்குப் போனான், சோஹோவில் ஒரு கட்டடத்தில் காலை ஷிப்டில் கூட்டித் துடைத்தான்.

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்தான் சாந்தே கொர்வீனி என்ற இத்தாலியர் எடிட்டிங் அறை ஒன்று வைத்திருந்தார். வயது அறுபதுக்கு மேல். மெல்லிய கால்களுக்கு மேல் பெரிய வண்டி வயிறு. பல்லிடுக்கில் எப்போதும் ஒரு குச்சி. அவருடைய அறைக்குள் போகிற துப்புரவுப் பெண்கள், சுவரில் தொங்கிய படங்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் வேறு மாடி கேட்பார்கள். கஸ்பர் ஒன்றும் கேட்கவில்லை. எந்தச் சவத்தைப் பார்த்தும் திடுக்கிடுகிற கட்டத்தை அவன் தாண்டியிருந்தான்.

இந்தக் கொர்வீனி ஒருகாலத்தில் லேசான ஆளல்லர். பத்திரிகைக்குப் படம் பிடித்துத் திரிந்தவர், 1961இல் ஒரு கமெராவைத் தூக்கிக்கொண்டு உலகத்தைச் சுற்றி, விநோதமான பழக்கங்கள், பலிகள், சாவுகள் என்று பொறுக்கியெடுத்து, 'இமைக்காத உலகம்' என்று ஒரு ஆவணப்படம் செய்தார். காட்டுகிறதெல்லாம் உண்மை, தன் கண்ணால் கண்டது என்று அவருடைய குரலே படத்தில் அடித்துச் சொன்னது. ரோமில் தியேட்டரைச் சுற்றிச் சனம் மொய்த்தது. பெண்கள் மயங்கி விழுந்தார்கள். மயங்கி விழுவதற்கென்றே நான்கு பெண்களைத் தான் ஒழுங்கு செய்திருந்ததாகக் கொர்வீனி பின்னாளில் கஸ்பருக்குச் சொல்லிச் சிரித்தார். செத்தவரை நாற்காலியில் இருத்தி விருந்து வைக்கிற ஒரு தீவுக் குடும்பம் அந்தப் படத்தில் வரும். அது அவருடைய மாமனின் குடும்பம். நாற்காலியில் இருந்த பிணம் அவருடைய கார்ச்சாரதி.

இரண்டாம் பாகம் எடுத்தார். மூன்றாம் பாகம் எடுத்தார். நாடுகள் அவரைத் தடைசெய்தன, பத்திரிகைகள் காறித் துப்பின, பாதிரிமார் பிரசங்கத்தில் திட்டினார்கள், சனம் வரிசையில் நின்றது. பிறகு ஒருநாள் வரிசை நின்றுபோனது. வீட்டுக்கு வீடு ரெலிவிஷன் வந்து, இரவுச் சாப்பாட்டோடு உண்மையான பிணங்களைக் காட்டத் தொடங்கியதும், கொர்வீனியின் பொய்ப் பிணங்களை ஒருவரும் தேடவில்லை. எண்பதுகளில் வீடியோ வந்து அவருக்குக் கொஞ்சம் மூச்சுக் கொடுத்தது. லண்டனில் வந்து குந்தினார். குந்திய கையோடு இங்கே பொலிஸ் வீடியோக் கடைகளைச் சோதனை போட்டு இப்படிப்பட்ட கசெட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. அதற்கும் அசராமல் ஜப்பானுக்கும் ஜெர்மனிக்குமென்று நாலாம் பாகம் எடுக்கத் திட்டம் போட்டார். மனிதர் வெட்கப்படுகிற சாதியில்லை.

ஒருநாள் காலையில் கஸ்பர் குனிந்து நிலம் துடைக்கும்போது, கழுத்தில் போட்டிருந்த மாதா உத்தரியம் சட்டைக்குள்ளிருந்து வெளியே தொங்கியது. கொர்வீனி கண்டுவிட்டார். நீ கத்தோலிக்கனா, பெயர் என்ன என்று கேட்டார். கஸ்பர் என்றதும், ஐயோ, எங்கள் பாஷையில் கஸ்பரே, அது என் சித்தப்பாவின் பெயர் என்று கத்தினார். கோப்பி ஊற்றிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் அரைகுறை. அதனாலோ என்னவோ நன்றாக விளங்கியது. ஊரில் யார் இருக்கிறார்கள், ஏன் வந்தாய், என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். லண்டன் வந்து இரண்டு வருடத்தில் அந்தக் கதையைக் கடைசிவரைக்கும் கேட்ட முதல் ஆள் அவர்தான். கேட்டு முடித்ததும் அழுதார். அந்த அழுகை பொய்யென்று கஸ்பர் எக்காலத்திலும் சொன்னதில்லை.

மறுநாள் அவர் கேட்டது வேறு. அந்தச் சாவைப் படமாக்குவோம், உன் அண்ணனாக நீயே நடி என்றார். உலகம் பார்க்கும், கடைசியில் அண்ணனின் பெயரைப் போடுவேன் என்று நெஞ்சில் சிலுவை போட்டுச் சொன்னார். கஸ்பர் மூன்று நாள் யோசித்தான். உலகம் பார்த்தால் ஏதாவது நடக்கும் என்று அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரும் நம்பினோம். அவனும் நம்பினான்.

படம் முடிந்து கசெட் வந்ததும் கொர்வீனி அவனைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். ஆசியாவின் ஏதோ ஒரு கரையில், ஒளித்து வைத்த கமெராவில் பதிவானது, இது நடிப்பல்ல என்று இத்தாலியக் குரல் சொன்னது. பஸ்தியாம்பிள்ளை என்ற பெயர் எங்கேயும் வரவில்லை. "அண்ணையின் பெயர் எங்கே?" என்று கஸ்பர் கேட்டான். பெயர் போட்டால் சிக்கல் வரும், விநியோகஸ்தர்கள் வேண்டாமென்கிறார்கள் என்று கொர்வீனி குச்சியைக் கடித்தார். சமாதானத்துக்கு ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படத்தை உறையிலிட்டுக் கொடுத்தார். மணலில் சரிந்து, வாய் சற்றுத் திறந்து, கஸ்பர் செத்துக் கிடக்கிற படம். அவன் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. உறையைச் சூட்கேசின் அடியில் போட்டு மறந்துவிடப் பார்த்தான்.

வருடங்கள் போயின. 1990இல் சண்டை மறுபடி மூண்டபோது பேசாலையில் வீடு எரிந்தது. அண்ணனின் கலியாணப் படம், அடையாள அட்டை, எல்லாம் அதோடு போனது. றோஸ்மலரும் பெர்னடெற்றும், அஞ்சலீனாவும் அவளுடைய மகனும் மடு மாதா கோவிலடி அகதி முகாமில் ஓலைக் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், மழைத் தண்ணீர் பாய்க்கு அடியால் ஓடுகிறது, எப்போது கூப்பிடுவீர்கள் என்று றோஸ்மலரின் கடிதங்கள் பாதர்மார் கையால் வந்துகொண்டிருந்தன. 1993 ஆடியில் குரோய்டனிலிருந்தும் கடிதம் வந்தது. ஏழு வருடம் காத்த கடிதம். உமது கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, கூறும் சம்பவத்துக்கு ஆதாரம் எதுவுமில்லை, மேன்முறையீடு செய்யலாம் என்றிருந்தது.

தோர்ண்டன் ஹீத்தில் யோகலிங்கம் என்று ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் நீதிமன்றக் கிளாக்காக இருந்தவர். அகதிகளுக்குக் கேஸ் எழுதிக் கொடுப்பதைத் தர்மமாகச் செய்து வந்தார். சாப்பாட்டு மேசையில் தட்டச்சு இயந்திரம், பக்கத்தில் அகராதி, வாசலில் செருப்புக் குவியல். ஒவ்வொருவரின் உண்மையையும் எடுத்து, அது போதாதென்று கண்டால் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்து எழுதுவார். அதில் அவருக்கு மனச்சாட்சிக் குத்தல் கிடையாது. அவர் கண்ட அனுபவத்தில் வெறும் உண்மை தோற்றுக்கொண்டே இருந்தது.

கஸ்பர் தன் காகிதங்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டினான். சூட்கேசை அள்ளிய அவசரத்தில் அந்த உறையும் கூட வந்திருந்தது. யோகலிங்கம் படத்தை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஐயோ கடவுளே. இதுவோ தம்பி உன்ர அண்ணன்?"

"இல்லை அண்ணை. அது நான்."

கஸ்பர் முழுக் கதையையும் சொன்னான். யோகலிங்கம் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"நீ சொல்லாட்டி நான் நம்பியிருப்பன்," என்றார். "கோட்டிலை முப்பது வருசம் இருந்தவன் நான். நானே நம்பியிருப்பன்."

"அதுக்கு?"

"அண்ணன் இப்பிடித்தானே விழுந்தவர்? இதே மாதிரித்தானே கிடந்தவர்?"

"ஓம்."

"அவற்ற முகமும் உன்ர முகமும்?"

"ஒரே அச்சு எண்டுதான் ஊரிலை சொல்லுறவை."

"பிறகென்ன? நடந்ததுக்குப் படமில்லை. படத்துக்கு நடந்தது இருக்கு. ரெண்டையும் சேர்த்து வைக்கிறன். ஒரு பாதர் எடுத்தவர், இப்ப அவர் உயிரோடை இல்லை எண்டு எழுதுவம். வெள்ளைக்காரன் காதாலை கேட்டு நம்பமாட்டான் தம்பி. கண்ணாலை பாத்தாத்தான் நம்புவான்."

கஸ்பருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவில்லை. மடுவில் பாய்க்கு அடியால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பொய்யென்று சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தானே வக்கீலாக நின்று வாதாடிப் பார்த்தான். படம் மேன்முறையீட்டோடு போனது. அன்றைக்கே றோஸ்மலருக்கு எழுதினான். பயப்பிடாதே, அண்ணன்ர படம் ஒண்டு கேசுக்குக் குடுத்திருக்கு, இந்தமுறை வெல்லுவம் என்று. ஏழு வருடத்தில் அவளுக்கு நம்பிக்கையாக எழுதக் கிடைத்த முதல் வரி அது.

1994 மாசியில் கொர்வீனி அவனைத் தேடி இல்ஃபோர்டுக்கே வந்துவிட்டார். மனிதர் பாதியாய் இளைத்திருந்தார். படி ஏறியதில் மூச்சு வாங்கியது. இத்தாலியில் ஒரு தனியார் ரெலிவிஷன் நாலாம் பாகத்தைப் போட்டிருக்கிறது. பார்த்த யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். உண்மையான கொலையைப் பக்கத்தில் நின்று படம் பிடித்தான், தடுக்கவுமில்லை, படத்துக்காகவே செய்வித்திருக்கவும் கூடும் என்று நீதவான் ஒருவர் வழக்குப் பதிந்துவிட்டார். ஆனியில் விசாரணை.

"கஸ்பரே, நான் உன்னைக் கொன்றுவிட்டேன் என்கிறார்கள்," என்று சொல்லிக் கட்டிலில் தொப்பென்று இருந்தார். "நடிப்பு என்று சொல்கிறேன். ஒருவரும் நம்பவில்லை. முப்பது வருடம் எல்லாம் உண்மை உண்மை என்று கத்தினேன். அப்போது நம்பினார்கள். இப்போது பொய் என்று கத்துகிறேன். நம்பமாட்டேன் என்கிறார்கள். நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வழக்கறிஞருக்கு முன்னால் கையெழுத்து வைத்தால் போதும்."

சித்திரையில் கஸ்பருடைய மேன்முறையீட்டு விசாரணை. அந்தப் படம் கோப்புக்குள் இருக்கிறது. அதில் கிடப்பது நான்தான் என்று ஒரு இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, இன்னொரு இடத்தில் அது அண்ணன் என்று எப்படிச் சொல்வது?

"சித்திரை முடியட்டும்," என்றான். "அதுக்குப் பிறகு எத்தனை கையெழுத்தும் வைக்கிறன்."

கிழவருக்குக் காரணம் விளங்கவில்லை. அவனும் சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று, நீ என் கையில் கோப்பி குடித்தவன் என்று மட்டும் சொன்னார். கஸ்பருக்கு அழுகை வந்தது.

பங்குனியில் மடுவிலிருந்து கடிதம் வந்தது. இம்முறை எழுதியிருந்தது றோஸ்மலர் அல்ல. அஞ்சலீனா. ஒன்பது வருடத்தில் அவள் அவனுக்கு எழுதிய முதற்கடிதம்.

"தம்பிக்கு, அவற்ற படம் உங்களிட்டை இருக்காம் எண்டு றோஸ்மலர் சொன்னா. அவரைக் கொண்டுபோன பிறகு நான் ஒண்டும் பாக்கேல்லை. முகத்திலை அடிச்சிருந்தவங்களோ? கண் மூடியிருக்கோ, திறந்திருக்கோ? எப்பிடி இருந்தாலும் பரவாயில்லை, எனக்கொரு படம் அனுப்பிவிடுங்கோ. இஞ்சை சில நேரம் அவற்ற முகம் எனக்கு நினைவுக்கு வருகுதில்லை. ஆருக்குச் சொல்லுறது."

கஸ்பர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கண்ணை மூடி அண்ணனின் முகத்தை நினைத்துப் பார்த்தான். வந்தது, மணலில் வாய் திறந்து கிடக்கிற தன் முகம். மறுபடி முயன்றான். மறுபடியும் அதுதான். வாடியில் பீடி குடிக்கிற அண்ணனை நினைத்தான், பெருநாளுக்கு வெள்ளைச் சட்டையோடு நிற்கிற அண்ணனை நினைத்தான். எல்லா உடம்பிலும் அந்தப் படத்தின் முகமே ஒட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவன் ஆடிப்போய்விட்டான். ஆமி உடலைக் கொண்டுபோனது. முகத்தைக் கொண்டுபோனவன் தானேதான் என்று பட்டது.

யோகலிங்கத்திடம் ஓடினான். "அண்ணை, படத்தை எடுத்திடுவமோ?"

"உனக்கு விசரோ?" யோகலிங்கம் மேசையில் அடித்தார். "படத்தை எடுத்தால் கேசிலை என்ன மிஞ்சும்? உன்ர வாயும் கண்ணீரும். அது எல்லாரிட்டையும் இருக்கு. றோஸ்மலர் வரவேணுமோ வேண்டாமோ? அதை மட்டும் யோசி. அங்கை போய் ஒரு சொல்லு சொல்லு. இது அண்ணன் எண்டு. அவ்வளவுதான். மிச்சத்தை நான் எழுதியிருக்கிறன்."

ஒரு சொல். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பழகினான். ரெயிலில், பஸ்ஸில், படியில்.

சித்திரை பத்தொன்பதாம் திகதி விசாரணை. நடுவர் வயதானவர், சாந்தமானவர். மொழிபெயர்ப்புக்குச் சிவகௌரி என்ற பெண் வந்திருந்தாள். கஸ்பர் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தான். காலை முழுவதும் நன்றாகத்தான் போனது. நடுவர் படத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டுக் கஸ்பரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அதைக் கண்டதும், கேஸ் வென்றுவிட்டது என்று பின்னால் இருந்த யோகலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. கஸ்பருக்கும் விளங்கியது. றோஸ்மலர் ஹீத்ரோ விமானநிலையத்தில் பெர்னடெற்றின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிற காட்சி அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அரசாங்கப் பக்கத்து வக்கீல் பதிவுக்காக ஒரே ஒரு கேள்வி கேட்டார். மிரட்டிக் கேட்கவில்லை.

"படத்திலை இருக்கிறது ஆர் எண்டு கேக்கிறார்," என்றாள் சிவகௌரி.

கஸ்பர் வாயைத் திறந்தான். பழகி வைத்த சொல் நுனிநாக்கில்தான் நின்றது. இதைச் சொல்லிவிட்டால் அண்ணனின் முகம் இனி எந்தக் காலத்திலும் திரும்பி வராது, சத்தியத்தின் பேரில் அது தன் முகமாகிவிடும், அஞ்சலீனா சாகும்வரைக்கும் தம்பியின் முகத்தை முத்தமிட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தான். ஒருமுறை வலைக்குள் ஒளிந்து அவரைச் சாக விட்டது போதாதா என்றும் நினைத்தான்.

"அது நான்," என்றான்.

சிவகௌரி மொழிபெயர்க்காமல் அவனைப் பார்த்தாள். "என்ன சொன்னீங்கள்?"

"அது நான். நடிச்சது. அண்ணை செத்தது உண்மை. இது அவர் இல்லை."

மிச்சமெல்லாம் கால்மணித்தியாலத்தில் முடிந்தது. அப்படியானால் பாதர்? பாதர் ஒருவரும் இல்லை. அப்படியானால் அண்ணனின் படம்? இல்லை. அடையாள அட்டை? எரிந்துபோனது. மரணச் சான்றிதழ்? தரவில்லை. ஒவ்வொரு பதிலும் உண்மை. ஒவ்வொரு உண்மையும் அவனைக் குழிக்குள் இன்னும் கொஞ்சம் இறக்கியது. நடுவர் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். யோகலிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

மூன்று கிழமையில் தீர்ப்பு வந்தது. யோகலிங்கம்தான் வாசித்துச் சொன்னார். அவனைத் திட்டுவதென்றே இருந்தவர், தீர்ப்பின் ஒரு பந்தியில் வந்து தடக்கினார்.

"பொய்யான ஆதாரத்தைத் தாமே சமர்ப்பித்ததாக மேன்முறையீட்டாளர் ஒப்புக்கொண்டிருப்பதால், அவருக்கு அப்பிடி ஒரு சகோதரர் இருந்தார் எண்டதையே ஏற்க முடியேல்லை, எண்டு எழுதியிருக்கு தம்பி."

"அண்ணையே இருக்கேல்லையாமோ?"

"ஓம்."

கஸ்பருக்கு இழக்க இனி என்ன இருக்கிறது? கொர்வீனியின் வழக்கறிஞரிடம் போய்க் கையெழுத்து வைத்தான். படத்தில் கிடப்பவன் நானே, உயிரோடு இருக்கிறேன், அந்தக் காட்சியில் எவரும் கொல்லப்படவில்லை என்றிருந்தது கடதாசியில். கிழவர் அவனுடைய இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டார். ஆனியில் விடுதலையானார். வழக்கோடு பெயர் மறுபடி அடிபட்டது. நீதிமன்றமே கொலையென்று நம்பிய படம் என்று உறையில் அச்சடித்துக் கசெட்டை மறுபடி விட்டார்கள். பத்திரிகைகள் பேட்டி எடுத்தன. தான் ஒரு கலைஞன் என்பதை உலகம் பிந்தித்தான் கண்டுகொண்டது என்று கொர்வீனி சொன்னாராம். அடுத்த வருடம் சொந்த ஊரில் செத்துப்போனார். அந்தச் சாவைப் படம் பிடிக்க ஒருவரும் போகவில்லை.

கஸ்பர் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் றோஸ்மலருக்கு எழுதினான். படத்தில் இருப்பது தன் முகம், அதை அண்ணன் என்று சொல்லத் தன்னால் ஏலவில்லை, அஞ்சலீனா மச்சாளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்று எழுதினான். பதில் ஐப்பசியில் வந்தது.

"இஞ்சாருங்கோ, உங்கட கடிதத்தை அஞ்சலீனா அக்காவுக்கு வாசிச்சன். ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னா. அழேல்லை. தம்பியின்ர முகமெண்டாலும் பரவாயில்லை, அந்தப் படத்தை அனுப்பச் சொல்லு, ரெண்டு பேரும் ஒரே அச்சுத்தானே, பெடியனுக்கு அப்பாவெண்டு காட்ட என்னட்டை வேற ஒண்டும் இல்லை எண்டு சொன்னா. அக்காவே அதை அத்தான் எண்டு ஏற்கிறா. அங்கை ஒரு சொல்லுச் சொல்ல உங்களாலை ஏன் ஏலாமல் போச்சு? பெர்னடெற் இந்த மழையிலையும் அப்பா எப்ப கூப்பிடுவார் எண்டு கேக்கிறாள். நான் என்ன சொல்லுறது? நீங்களே சொல்லுங்கோ."

கேட்ட படம் அவனிடம் இருக்கவில்லை. அது கோப்புக்குள் போனது போனதுதான்.

சனிக்கிழமை மத்தியானம், இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் பாஸ்போர்ட் படம் எடுக்கிற பெட்டிக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அண்ணன் வகிடு எடுக்கிற பக்கம் இடதா வலதா என்று கண்ணாடியில் பார்த்து யோசித்து, இடது என்று முடிவு செய்து சீவினான். பிள்ளை பார்க்கிற படம், கண் திறந்திருக்கட்டும் என்று நினைத்தான். வெளிச்சம் நான்கு தரம் அடித்தது. நான்கிலும் அழாத முகமாக ஒன்றுதான் வந்திருந்தது. அதை வெட்டியெடுத்து, பின்பக்கத்தில் 'பஸ்தியாம்பிள்ளை' என்று எழுதி, அஞ்சலீனாவின் பெயருக்கு அனுப்பினான்.